அக்காவுக்குச் சுவாதீனம் இல்லை

நாலு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்து, வெயில் எட்டிப் பார்த்த காலையில் அந்தப் பதிவுத் தபால் வந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் லாண்டரி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவளே போய் வாங்கியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. பிரசவ ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் துவைத்தும் உலர்த்த வழியில்லாமல் ஈரக் குவியலாகக் கிடந்தன. ஆஸ்பத்திரி ஆள் இரண்டு தடவை வந்து, "மழைன்னு பார்த்துக்கிட்டா குழந்தை பொறக்குது?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் ஜன்னலைத் திறந்தால் பின்பக்கத்து மனை முழுவதும் கண்ணில் படும். எட்டு இரும்புக் கம்பம், பன்னிரண்டு கொடி. வெயில் நாட்களில் வெள்ளை விரிப்புகள் வரிசையாக ஆடும். சோப்பு வாசமும் கஞ்சி வாசமும் கலந்து மேலே ஏறி வரும். முன்னறையில் அக்காவின் வீட்டுக்காரர் இஸ்திரி போடுவார். தெருவுக்கே அவர் மாமா. இஸ்திரிப் பெட்டிக்கு அடுத்தபடி மாமாவுக்குப் பிடித்தது சத்தம் போட்டுப் படிப்பது. பேப்பர், மருந்து டப்பா, துணி சுற்றி வந்த காகிதம், எது கிடைத்தாலும் விடமாட்டார். அக்கா பின்னாலிருந்து 'ம்' கொட்டிக்கொண்டே துவைப்பாள். அந்த வீட்டில் ரேடியோ வாங்காததற்கு அதுதான் காரணம் என்று தெருவில் சொல்வார்கள்.

அன்றைக்கும் தபாலில் கையெழுத்துப் போட்டு வாங்கிய மாமா, வழக்கம்போலத் தலையணை உறை ஒன்றின் மேல் பெட்டியை நகர்த்திக்கொண்டே படிக்க ஆரம்பித்தார்.

"எனது கட்சிக்காரர், தங்களது உடன்பிறந்த தம்பி... இந்தாம்மா, உன் தம்பிகிட்டேருந்து வந்திருக்கு. வக்கீல் மூலமா!"

"தம்பியா? நல்லா இருக்கானா?" என்றாள் அக்கா, பிழிந்துகொண்டே.

"இரு, படிக்கிறேன். ...அறிவிப்பது யாதெனில், மேற்படி மனையில் தங்களுக்கு எக்காலத்திலும் சுவாதீனம் இருந்ததில்லை என்றும், தற்போதும் சுவாதீனம் இல்லை என்றும்..."

மாமாவின் குரல் அங்கே நின்றுவிட்டது. பெட்டியும் நின்றுவிட்டது. 'ம்' கொட்டக் காத்திருந்த அக்கா, ஈரக் கையோடு முன்னறைக்கு வந்தாள்.

"என்ன இல்லையாம்?"

"சுவாதீனம்."

"யாருக்கு?"

மாமா தபாலை மறுபடி பார்த்தார். வேறு யாருக்காவது இருக்கக்கூடாதா என்று தேடுவதுபோல இருந்தது. "உனக்குத்தான். இப்பவும் இல்லையாம். எப்பவுமே இருந்ததில்லையாம்."

"பொறந்ததுலேருந்தேவா?"

தலையணை உறையிலிருந்து புகை வந்தது. பதினாறு வருஷத்தில் மாமா கருக்கிய முதல் துணி அது.

"டீச்சர்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் நின்றபடியே, "டீச்சர், சுவாதீனம்னா என்ன?" என்ற கேள்விக்கு, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் பதில் சொன்னேன். "புத்தி தெளிவா இருக்கறது. புத்தி சுவாதீனம் இல்லாதவர்னு சொல்வாங்களே."

அந்தக் காகிதத்தை வாங்கி முழுசாகப் படித்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் பாதிப் பங்கு என்னுடையது.

அக்காவின் தம்பி ஆறு மணி நேரப் பயணத்தில் உள்ள துறைமுக நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன். அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலை வாரி, நகம் வெட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டவள் அக்காதான். அப்பா சாகும்போது வீட்டை அக்காவுக்கும், பின்பக்கத்து மனையை இருவருக்கும் சரிபாதியாகவும் எழுதிவைத்திருந்தார். தம்பி வேலை கிடைத்துப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை வந்தான். பிறகு வருஷம் ஒருமுறை. கடைசி இரண்டு வருஷமாகப் போனில் குரல் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

மூன்று நாள் அக்கா யாரோடும் சரியாகப் பேசவில்லை. துணியோடுதான் பேசினாள். விரிப்பைக் கல்லில் அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாக்கியம் விழும். "எனக்கு சுவாதீனம் இல்லையாம்!" ஒரு அடி. "சளி பிடிச்சா மூக்கு சிந்தி விட்டது யாராம்?" இன்னொரு அடி. "பைத்தியமாம், பைத்தியம்!" அந்த வாரம் ஆஸ்பத்திரி விரிப்புகள் போனதுபோல வெளுத்து எப்போதும் போனதில்லை என்று பிறகு நர்ஸ் ஒருத்தி சொன்னாள்.

"போன் போட்டுக் கேட்டுடலாமே," என்றார் மாமா, ரொட்டியைச் சூடு பண்ணித் தட்டில் வைத்தபடி. அந்த மூன்று நாளும் அவர்தான் சமையல். தினமும் ரொட்டியும் முட்டையும்.

"போட்டா, பைத்தியம் போன் பண்ணுதுன்னு சொல்லுவான். எனக்கு அத்தாட்சி வேணும். எழுத்துல வந்ததுக்கு எழுத்துலதான் பதில்."

மனை பற்றி அவள் யோசிக்கவே இல்லை. 'ஆகவே தாங்கள் மேற்படி மனையில் பிரவேசிக்கக் கூடாது' என்று கீழே இருந்த வரியை மாமா படித்துக் காட்டியபோதுகூட, "பைத்தியம் உள்ள வரக்கூடாதுன்னு சொல்றான், வேற என்ன," என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, விரிப்புகளைக் கொடுக்கப் போன அக்கா, ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குள் நேராக நுழைந்துவிட்டாள். நடந்ததை அவளே என்னிடம் நடித்துக் காட்டினாள்.

"டாக்டர், எனக்குப் பைத்தியம் இல்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாராம். "நான் பிரசவம் பார்க்கிறவ. அதுக்கு வேற டாக்டர் இருக்காங்க."

"அவங்களுக்கு என்னைத் தெரியாதே. உங்களுக்குப் பத்து வருஷமாத் தெரியும்."

"சரி, உட்காருங்க. முறைப்படி கேக்கணும். இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. நாளைக்கு ஆபரேஷன் ரூம் பச்சைத் துணி வரணும். போன வாரம் நாலு குறைஞ்சுது, உங்க ஆளுங்க ஒளிச்சு வச்சிருக்காங்க."

"நூத்துலேருந்து ஏழு ஏழாக் குறைச்சுச் சொல்லுங்க."

"நூறு விரிப்புல ஏழு கிழிஞ்சது போனா தொண்ணூத்தி மூணு. அதுல ஏழு போனா எண்பத்தி ஆறு. இப்படியே கிழிச்சீங்கன்னா பதினாலு வாரத்துல ரெண்டே ரெண்டுதான் மிஞ்சும் டாக்டர். உங்க கோட்டுல மூணாவது பட்டன் இல்லை. கழட்டிக் குடுங்க, தைச்சுத் தரேன்."

டாக்டரம்மா கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முத்திரை போட்ட தாளில் எழுதினார்: 'இவரைப் பத்து ஆண்டுகளாக அறிவேன். நல்ல மனநிலையிலும் நினைவாற்றலிலும் இருக்கிறார். இந்த ஆஸ்பத்திரியில் பலரைவிடவும்.'

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு வக்கீல் ஆபீஸுக்குப் போனாள். நோட்டீஸின் தலைப்பில் விலாசம் இருந்தது. பஸ்ஸில் அரைமணி நேரம். மருந்துக் கடை ஒன்றுக்கு மேலே, ஆள் ஒருக்களித்து ஏற வேண்டிய படிக்கட்டு. உள்ளே சுவரெல்லாம் கட்டுக்கட்டாகக் காகிதம். வக்கீலுக்கு நாற்பது வயதிருக்கும். மேஜைமேல் கைக்குட்டையை விரித்து வைத்துக் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா உட்காரக்கூட இல்லை. கொய்யாப்பழத்துக்குப் பக்கத்தில் டாக்டர் சீட்டை விரித்து வைத்தாள். "படிங்க. சத்தமாப் படிங்க."

வக்கீல் படித்தார். "ரொம்ப சந்தோஷம். இதை எதுக்கு என்கிட்டே காட்டுறீங்க?"

நோட்டீஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "எனக்குச் சுவாதீனம் இல்லைன்னு நீங்கதானே எழுதினீங்க? அதுவும் எக்காலத்திலும்!"

வக்கீல் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டு, "மன்னிக்கணும்மா. உட்காருங்க. முதல்ல உட்காருங்க," என்றார்.

"இது அந்தச் சுவாதீனம் இல்லம்மா. சட்டத்துல சுவாதீனம்னா கைவசம். ஒரு சொத்தை யார் கையில வச்சிருக்காங்க, யார் அனுபவிக்கிறாங்க, அதுதான். பத்திரம் ஒருத்தர் பேர்ல இருக்கலாம். சுவாதீனம் இன்னொருத்தர்கிட்ட இருக்கலாம். இப்ப நீங்க ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கீங்கன்னு வைங்க. வீடு உங்களோடது. சுவாதீனம் குடியிருக்கறவங்களோடது."

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அப்ப மாடி டீச்சரோட சுவாதீனமா?"

"ஆமா."

"உள்ள வரணும்னா நான் கதவைத் தட்டணுமா?"

"தட்டணும்."

"நான் தட்டினதே இல்லையே."

"தெரியும்க்கா," என்றேன்.

மூன்று பேரும் சிரித்தோம். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய சிரிப்பு அக்காவுக்கு. புத்தி என்கிற வார்த்தையே இல்லாத இடத்தில் புத்தியைச் செருகி அர்த்தம் சொன்ன கணக்கு டீச்சரான என் தொடையில் அவள் ஒரு அடி அடித்தாள். வக்கீல் கொய்யாத் துண்டுகளை எங்கள் பக்கம் தள்ளினார். அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மெல்ல ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"இருங்க. அப்ப, அந்த எடம் என் கையில இல்லைன்னு எழுதியிருக்கீங்களா?"

வக்கீல் நோட்டீஸை மறுபடி கையில் எடுத்தார்.

"எப்பவுமே இருந்ததில்லைன்னு?"

"என் கட்சிக்காரர் சொன்னதை வச்சுத்தாம்மா நான்..."

"என்ன சொன்னான்?"

"காலி இடம்னு சொன்னார். யாரும் உபயோகிக்கறதில்ல, அவரோட பங்கை விக்கணும்னு. பின்தெருவில கார் ஷெட் வச்சிருக்கறவர் முழு மனையையும் கேக்கறாராம். நோட்டீஸ்னா கொஞ்சம் அழுத்தித்தான் எழுதுவோம்."

அக்கா இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தாள். சலவைச் சோடா அரித்து நகம் வெளுத்த கைகள். "பைத்தியம்னு எழுதியிருந்தாலே பரவாயில்லை சார். யாரும் நம்பமாட்டாங்க. இதை எழுதிட்டீங்களே. பன்னண்டு கொடி கட்டியிருக்கேன். அந்தக் கம்பம் எட்டும் குழி தோண்டி நான் நட்டது. எங்க வீட்டுக்காரர் பிடிச்சுக்கிட்டு நின்னார். அது காலி எடமா?"

கொய்யாப்பழம் அப்படியே இருந்தது. வக்கீல் நல்ல மனுஷர். "நான் எதிர்த்தரப்பும்மா. உங்களுக்கு யோசனை சொல்லக்கூடாது. நீங்க வேற வக்கீலைப் பாருங்க," என்றார்.

"யோசனை வேணாம். அர்த்தம் மட்டும் சொல்லுங்க. எதை வச்சு ஒரு எடம் ஒருத்தர் சுவாதீனத்துல இருக்குன்னு சொல்வீங்க?"

"யார் தினமும் போறாங்க, வர்றாங்க. யார் கிட்ட சாவி இருக்கு. உள்ள நுழையறதுக்கு மத்தவங்க யாரைக் கேக்கறாங்க. இதெல்லாம்தான்."

"அப்ப என்னோடதுதான்."

"அதை நான் சொல்லக்கூடாது," என்ற வக்கீல், போனை எடுத்தார். "ஆனா என் கட்சிக்காரர்கிட்ட நான் பேசலாம்." எண்ணைச் சுழற்றினார். "நான் வக்கீல் பேசறேன். உங்க அக்கா வந்திருக்காங்க. ...இல்ல, சண்டை போடல. நீங்க பைத்தியம்னு சொல்லிட்டீங்கன்னு நினைச்சு, மனநிலை நல்லா இருக்குன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்திருக்காங்க."

போனுக்குள்ளிருந்து "ஐயையோ" என்று ஒரு குரல் எங்கள் காதுவரைக்கும் வந்தது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குப் பின்பக்கத்து கேட்டைத் திறந்துகொண்டு தம்பி வந்தான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கையில் ஒரு பை, முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரியாக நடந்தான். பன்னிரண்டு கொடியிலும் விரிப்பு நிறைந்திருந்ததால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், வெள்ளைச் சந்துகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தான். "அக்கா," என்றான். யாரும் இல்லை. வேறு சந்தில் போய் மறுபடி "அக்கா" என்றான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அக்கா கூடையோடு ஓடி வந்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் முதல் துளி விழுந்தது.

"அப்புறம் பேசலாம். அந்த முனையைப் பிடி!"

பிடித்தான். நானும் மாடியிலிருந்து ஓடினேன்; மாமா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். நாலு பேரும் கிளிப்புகளைப் பிடுங்கி எறிந்து, விரிப்புகளை வாரிச் சுருட்டி, தோளிலும் தலையிலுமாகச் சுமந்து உள்ளே கொட்டினோம். தம்பி ஒரு கொடியில் மோதி விழப் பார்த்தான். "கண்ணு எங்கடா இருக்கு, பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுறியா?" என்று அக்கா கத்தினாள். "உன் துணிதான் ரோட்டை மறைக்குது!" என்று அவனும் கத்தினான். கடைசி விரிப்பு உள்ளே வந்ததும் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மாமா டீ போட்டார். எல்லோரும் ஈரத் தலையோடு துணிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்தோம். தம்பியின் சட்டையைக் கழற்றச் சொல்லி மாமா சூட்டுப் பெட்டியை ஓட்டிக் காயவைத்தார். பனியனோடு உட்கார்ந்திருந்தவன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வார்த்தை எனக்கும் புரியலக்கா. வக்கீல் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்."

"காலி எடம்னு சொன்னது?"

"அது நான் சொன்னதுதான்." நிமிர்ந்தான். "நான் போகும்போது காலியாத்தானே இருந்துச்சு. வந்தாலும் முன்வாசல் வழியா வருவேன், சாப்பிடுவேன், போயிடுவேன். பின்னாடி எட்டிப் பார்த்ததே இல்ல. நீ துணி துவைக்கிறது தெரியும். அதை நீ எங்க காயப்போடுறேன்னு நான் யோசிக்கவே இல்லக்கா."

முந்திய நாள் வக்கீல் மேஜைக்கு முன்னால் இருந்த அக்காவின் முகம் இல்லை இது.

"எதுக்குடா விக்கணும்?"

"முதுகு போச்சு. இனிமே பஸ் ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. ஒரு டீக்கடை வைக்கலாம்னு..."

"என்கிட்டே கேட்டிருக்கலாமில்ல?"

"பயம்."

"நான் என்ன புலியா?"

"நீ மாட்டேன்னு சொன்னா அதுக்கப்புறம் நான் உன்னைப் பார்க்க வரமுடியாது. சரின்னு சொல்லிட்டா நீ கஷ்டப்படுவே. ரெண்டுல எது வந்தாலும் உன் முகத்தைப் பார்த்துக் கேக்கற தைரியம் எனக்கு இல்ல. அதான் வக்கீல்."

"அவர் முகத்தைப் பார்த்து நான் கேக்க வேண்டியதாப் போச்சு," என்றாள் அக்கா. மாமா சிரித்துவிட்டார். "டீ நல்லாப் போடுவியா?"

"மாமா போட்டதைவிட நல்லாப் போடுவேன்."

"அது பெரிய விஷயமில்ல," என்றார் மாமாவே.

மழை விட்டதும் அக்கா அவனைப் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்தெருவை ஒட்டிய மூலையில், அடுத்த வீட்டின் மூன்று மாடிச் சுவர் எந்நேரமும் நிழல் போட்டுக்கொண்டிருக்கும். அங்கே இரண்டு கொடிதான். அதில் போட்ட துணி சாயங்காலம் பிழிந்தாலும் சொட்டும்.

"உன் பங்கு பாதி. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பாதியை வித்தா மிச்சப் பாதியில எனக்குப் பாதித் துணிகூடக் காயாது. இந்த மூலை எனக்கு உதவாத மூலை. ரோட்டுப் பக்கம் சுவரை இடிச்சா கடை. எதிர்லயே கார் ஷெட்டு, இருபது மெக்கானிக். டீ குடிக்க அவ்வளவு தூரம் நடக்கறானுங்க. மிச்ச எடத்துல உன் பங்குக்கு நான் வாடகை தரேன்."

தம்பி அந்த மூலையில் போய் நின்று ரோட்டைப் பார்த்தான். இந்தப் பக்கம் இரண்டு அடி, அந்தப் பக்கம் மூன்று அடி வைத்துப் பார்த்தான். "அடுப்பு இங்க. பெஞ்சு அங்க."

"விறகு அடுப்பு கூடாது. புகை பட்டா விரிப்பெல்லாம் போச்சு. காஸ்."

"காஸ்தான்க்கா."

"கண்ட எடத்துல டீயை ஊத்தக்கூடாது."

"இன்னும் கடையே வைக்கல, அதுக்குள்ள சட்டமா?"

அடுத்த வாரம் அதே வக்கீலிடம் போய் ஒப்பந்தம் எழுதினார்கள். சண்டை இல்லை என்பதால் இருவருக்குமாக எழுத அவருக்குத் தடையில்லை. தம்பியின் நோட்டீஸை அவரே வாபஸ் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் அவர் நினைத்தது போல அது அரைமணி வேலையாக முடியவில்லை. அக்கா ஒவ்வொரு வரிக்கும் கையைத் தூக்கினாள். "யாதொரு பராதீனமும்னா?" "விக்கறது, அடமானம் வைக்கறது, அடுத்தவங்க கைக்குப் போறது." "அப்ப அப்படியே எழுதுங்களேன்." "சட்டப்படி..." "சரி, அதையும் எழுதுங்க, இதையும் எழுதுங்க." வெயில் படும் பக்கம் அக்காவின் சுவாதீனம் என்றும் நிழல் பக்கம் தம்பியின் சுவாதீனம் என்றும் எழுதியபோது மட்டும் அவள் அர்த்தம் கேட்கவில்லை. பக்கத்தில் காத்திருந்த கிழவர் ஒருவர் மெதுவாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, தன் பத்திரத்தை நீட்டினார். "இருபது வருஷமாப் பெட்டியில வச்சிருக்கேன். இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க." அன்றைக்கு வக்கீல் சாப்பிடப் போகும்போது மணி மூன்று.

கடை வந்து நாலு மாதம் ஆயிற்று. தம்பியும் அவன் பெண்டாட்டியும் அடுத்த தெருவில் வீடு பார்த்துக்கொண்டார்கள். மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையோடு வந்து டீ குடிப்பார்கள். கொடிப் பக்கம் கை நீட்டினால் அக்கா உள்ளிருந்தே ஒரு சத்தம் போடுவாள்.

நேற்றுக் காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். அக்கா தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மாமா இஸ்திரியில் இருந்தார். தம்பி பின்பக்கமாக வந்தான். யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலறைக்குள் போனான், டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது, சர்க்கரை டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேடையில் இருந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து வாயில் போட்டபடி, வந்த வழியே போய்விட்டான்.

"பார்த்தீங்களா டீச்சர்," என்றார் மாமா பெட்டியை நகர்த்திக்கொண்டே. "என்ன சுவாதீனமா உள்ள வந்து எடுத்துட்டுப் போறான்!"

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். அக்கா எண்ணுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இது எந்தச் சுவாதீனம் டீச்சர்? புத்தியா, கைவசமா?"

"ரெண்டும் இல்லக்கா. தன் வீடு மாதிரி, கேக்காம கொள்ளாம."

"அதை வக்கீல் சொல்லவே இல்லையே."

"அது பத்திரத்துல வராதுக்கா."

அக்கா கொஞ்ச நேரம் பின்பக்கத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். பிறகு அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"இந்தாங்க, இனிமே சர்க்கரை ரெண்டு கிலோ சேர்த்தே வாங்குங்க."